அப்புத்தளை ஏற்றம், மாலை ஐந்து மணி

மச்சான்,

இன்று மதியம் த்ரீவீலரில் வெலிமடைக்கு ஒரு சவாரி. பின்னால் ஏறியவரிடமிருந்து வந்த கசிப்புச் சாராய வாடை வண்டி முழுக்க நிறைந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. குடியை விட்டு நான்கு வருடமாகியும் ஊறுகிறது. இதை வெட்கமில்லாமல் உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

பெரகல சந்தியில் நாம் சேர்ந்து குடித்துத் தொலைத்த மாலைகள் எத்தனை! தேயிலை ஃபெக்டரியில் வேலை முடிந்து நீ வருவாய். நான் த்ரீவீலரை ஓரங்கட்டுவேன். ஒருநாள் உன் மகள் பரிசு வாங்கிய பள்ளி விழாவுக்கும் குடித்துவிட்டே போனாய். மேடையிலிருந்து உன்னைப் பார்த்தவள், யாரோ எவரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் நீயாகவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாய்.

"குடிக்கணும்னு எப்ப தோணுதுன்னு டாக்டர் கேட்டாரு மச்சான். அஞ்சு மணிக்குன்னேன். மருந்தையும் குடுத்து, அந்த நேரத்துல ஒடம்ப வேல வாங்கச் சொன்னாரு. அப்புத்தளை ரோட்டுல ஏறப்போறேன். தனியா ஏற பயமா இருக்கு, நீயும் வா."

போனோம். நாற்பதைத் தாண்டிய இருவர், ரப்பர் செருப்போடு. முதல் வளைவிலேயே நீ வாந்தி எடுத்தாய். நான் மதகில் உட்கார்ந்துவிட்டேன். கடை வாசலிலிருந்து ஒருவர் கத்தினார்: "குடிகாரனுங்க ஒலிம்பிக்குக்குக் கெளம்பிட்டானுங்க!" வாயைத் துடைத்துக்கொண்டு நீ திருப்பிக் கத்தினாய்: "ஆமாங்க! கொடி புடிக்க நீங்க வாங்க!"

போகப்போக நடை ஓட்டமானது. எனக்குத் தூக்கம் வந்தது, கைநடுக்கம் நின்றது. காரணமில்லாமல் மனைவியிடம் சீறும் கோபத்தை ஏற்றத்திலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. அடுத்த வருடத் தீபாவளிக்கு நான் மறுபடி குடித்து, வாசலில் விழுந்து கிடந்தேன். மறுநாள் ஐந்து மணிக்கு நீ வந்து நின்றாய். திட்டுவாய் என்று பார்த்தேன். "நேத்தோட நேத்து போச்சு. எந்திரி, மழை வரப்போகுது" என்றாய். அவ்வளவுதான். அன்று ஏறியவன், அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து உன் வயிறு வீங்கியது. ஈரல் எப்போதோ கெட்டுப்போய்விட்டதாம். இந்த மூன்று வருடமே நீ குடியை விட்டதால் கிடைத்தது என்றார் டாக்டர். ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? குடியைச் சட்டென்று விட்டதால் செத்தாய், ஓடி ஓடிச் செத்தாய் என்றது.

உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பியதும் உன் அண்ணன் என் கையில் கிளாஸைத் திணித்தார். "அவனுக்காக ஒரு வாய் குடிடா. குடிச்சிக்கிட்டே இருந்திருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்."

வாங்கி, அவர் எதிரிலேயே மண்ணில் கவிழ்த்தேன்.

"அண்ணே, மூணு வருசம் அவன் மனுசனா இருந்தான். அவன் பொண்ணு அவன் கையப் புடிச்சிக்கிட்டு கோயிலுக்குப் போனா. அத நீங்க பாக்கல?"

அவர் அடிக்கக் கை ஓங்கினார். உள்ளேயிருந்து உன் மனைவி எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மணி அஞ்சாயிருச்சுண்ணே. நீங்க போங்க."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறினேன். சந்தியே பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

இப்போதும் ஏறுகிறேன். முழங்கால் வலிக்கிறது. கிளினிக்கையும் விடவில்லை. உன் சாவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களிடம், நீ வாழ்ந்த மூன்று வருடத்தைச் சொல்கிறேன். கேட்காதவர்கள் கேட்க வேண்டாம். நான் அவர்களைத் தாண்டித்தான் தினமும் மேலே போகிறேன், மச்சான்.