பெர்மனன்ட் இல்லை

வல்லம் வடகால்
12.8.2013

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, முத்துச்செல்வி எழுதுவது. கால்வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் கம்பெனியில் நான் ஒரு ஸ்க்ரூவை முடுக்க மறந்து, லைனில் எல்லார் வேலையும் நின்றது. சூப்பர்வைசரிடம் மெஷின், கரண்ட் என்று கதை அளந்தேன். பக்கத்தில் வேலை செய்யும் மாரி பிறகு கேட்டாள்: "மறந்துட்டேன்னு சொல்ட்டு போவியா, இன்னாத்துக்கு இவ்ளோ பேசிக்கினு கீற?" சிரித்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை.

அப்பா, நான் பெர்மனன்ட் ஆகவில்லை. கான்ட்ராக்ட்தான். போனில் நீங்கள் ஆசையாகக் கேட்டதும் ஆமாம் என்றேன். பிறகு அதன்மேல் கதை கதையாகச் சொன்னேன். அதை நம்பித்தான் மாப்பிள்ளை வீட்டில் பேசியிருக்கிறீர்கள். மன்னித்துவிடுங்கள்.

என் பச்சைப் போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், இந்தக் கடிதத்தையே காட்டிவிடுங்கள்.

உங்கள் மகள்