எருக்கம் புதருக்கு வேலி வந்துவிட்டது, மாப்பிள்ளை

என் அருமை மாப்பிள்ளை குணசேகரா,

நடந்ததெல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். கள்ளிக்குப்பத்தில் நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற எருக்கம் புதர் மேல் ஒருநாள் யாராவது கை வைப்பார்கள் என்றேனா இல்லையா? நீ சிரித்தாய். இப்போது சிரி பார்ப்போம்.

நீ போன பிறகு உன் ஞாயிற்றுக்கிழமை நடையை நான்தான் நடக்கிறேன். அதே பாதை, அதே காலை நேரம். கண்ணில் படுகிற பட்டாம்பூச்சிகளையெல்லாம் உன்னைப் போலவே எண்ணிப் போனில் படத்தோடு பதிவு செய்கிறேன். எட்டாவதோடு நின்றவன்தானே என்று நினைக்காதே. என்னைப் பார்த்தால் பூச்சிகளே இறக்கையை விரித்துப் போஸ் கொடுக்கின்றன. ஆவடி வரைக்கும் என் பெயர் பரவிவிட்டதாகக் கேள்வி.

ஒன்றுமே பறக்காத நாளில்கூட நீ விடாமல் பூஜ்யம் என்று பதிவு செய்வாய். "பூச்சி இல்லேன்னு எழுதவா மாப்ளே இந்த வெயில்ல சுத்துற?" என்று கேலி செய்வேன்.

"இல்லேன்றதும் சேதிதான் மச்சான். இன்னிக்கு இல்லேன்னு எழுதினாதான், நாளைக்குக் கீதுன்னா நம்புவாங்க" என்பாய்.

போன மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஐ.டி. வேலை. "அங்கிள், அது வெறும் புதருங்க. பாம்பு வருங்க. வெட்டிட்டா கார் நிறுத்திக்கலாங்க."

"பாம்பு இன்னா, உன் ஃப்ளாட்ல ஊடு வாடகைக்குக் கேட்டா வருது?" என்றேன். சிரிப்புச் சத்தம் முகப்பேர் வரை கேட்டிருக்கும்.

வெந்தய வரியன் என்கிற அந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எருக்கிலையில்தான் முட்டை வைக்கும், செடி போனால் அதுவும் போகும் என்றேன். உன் பதிவுகளைக் காட்டினேன். தலையாட்டினார்கள். ஆனால் ஓட்டுக்கு விட்டால் கார் பக்கம்தான் கை தூக்குவார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

குரலை இறக்கினேன். "ஆஸ்பத்திரியில கடைசியா என் கையப் புடிச்சிகினு, 'எருக்கஞ்செடியப் பாத்துக்க மச்சான்'னு சொன்னாம்பா என் மாப்ள."

ஒரு கைகூடக் காருக்கு எழவில்லை. செயலாளரே நின்று வேலி போட்டார். இப்போது இலைக்கு இலை வரிவரியாகப் புழுக்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் மனைவி கேட்டாள்: "ஏண்ணா, அவரு எப்போ அப்டி சொன்னாரு? நானும் அங்கதானே இருந்தேன்?"

என் தங்கையிடம் என் புளுகு எப்போது செல்லுபடியானது? நீ அப்படிச் சொல்லவே இல்லை. கேன்டீன் டீயில் சர்க்கரை போட்டார்களா என்றுதான் கடைசியாகக் கேட்டாய்.

இந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். நான் புளுகியது எல்லோருக்கும் தெரியட்டும். வேலியைப் பிடுங்க நினைக்கிறவர்கள் முதலில் அந்தப் புழுக்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

என் வாயை நம்பாதே, மாப்பிள்ளை. பதிவை நம்பு. அதில் பார்த்ததைத்தான் எழுதுவேன். போன ஞாயிறு வானம் மூடிக்கிடந்தது, ஒன்றும் பறக்கவில்லை. பூஜ்யம் போட்டேன்.

உன் வீட்டுக்காரியின் அண்ணன், என்றைக்கும் உன் மச்சான்,
தணிகாசலம்