கோரைக்கு மருந்தடிக்கச் சொன்ன மகளுக்கு

கெலிஓயா
17.09.2025

அன்பு மகள் பிரேமிளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பா, தங்கச்சி, நான் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தத் தூர தேசத்தில் நீயும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையும் மாலையும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி தர்ஷிகா எழுதுகிறாள். கம்பஸ் முடித்தவள் இல்லையா, நான் வளவளவென்று பேசுவதை எல்லாம் நேர்ப்படுத்தித்தான் எழுதுவாள், எழுத்து நன்றாக இருந்தால் அது அவளுடையது, விஷயம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. லீவு முடிந்து உன் தையல் கம்பனிக்கே திரும்புகிற ஷிராணி வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறாள், அவள் கையில் கறித்தூளோடும் நெத்தலிக் கருவாட்டோடும் இதையும் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் நம் வீட்டுப் பின்பக்கத்தைப் பற்றியது. சுவர் கட்டியபோது அந்த இடத்தை மட்டமாக்க வயல் மண் நாலு லோட் இறக்கினோம், போட்டோகூட அனுப்பினோம். அந்த மண்ணோடு கோரை வந்துவிட்டது. முதலில் தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து தாள்தான் தலை காட்டியது, புல்தானே என்று விட்டுவிட்டேன், அது என் பிழை. ஆடி மாதம் வந்தபோது மிளகாய்க் கன்று வைக்க ஒரு சாண் இடம் இல்லை. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியிலேயே இருந்துகொண்டு ஐந்தாம் நாள் மறுபடி முளைக்கும். அப்பா பார்த்துவிட்டு, "தேயிலைக்கே குத்தின கைக்கு இதெல்லாம் ஒரு புல்லா" என்று சொல்லி, தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த, மண் குத்துகிற முள்ளை எடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் தேயிலை நிரைகளுக்கு நடுவில் அந்த இரும்பு முள்ளை இறக்கி மண்ணை நெம்பியவர், அவர் குத்திய நிரையைக் கங்காணி மற்ற ஆட்களுக்குக் காட்டுவாராம், அது உனக்கும் தெரியும். மூன்று நாள் குத்தினார். மண் ரவை மாதிரி ஆகிவிட்டது. வேலை முடிந்து முள்ளை ஊன்றிக்கொண்டு நின்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், நானும் நல்லா இருக்குங்க என்றேன், மெய்யாகவே நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் ஒன்று இருந்த இடத்தில் பத்து நிற்கிறது. கோரைக்கிழங்கு ஒன்றோடொன்று கறுப்பு நூல் மாதிரி ஒரு வேரால் மண்ணுக்குள் தொடுத்துக் கிடக்கும், தொடுத்திருக்கும் வரைக்கும் பல கிழங்குகள் முளைக்காமல் தூங்கும், நூல் அறுந்ததோ ஒவ்வொன்றும் தனியே கிளம்பிவிடும். அப்பா அதை ஒன்று விடாமல் பிரித்து விட்டிருக்கிறார். எதிர்வீட்டு வேலாயி சும்மா இருப்பாளா, வேலியில் சாய்ந்து நின்று, "மூக்கையாண்ணே, கோரைக்கு நாத்து விட்டீங்களோ, நல்லா புடிச்சிருக்கே" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா பின்பக்கம் போகவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போனவர் பழைய கூட்டாளி ஒருவரிடமிருந்து லேபல் இல்லாத ஒரு போத்தலில் புல்லைக் கருக்குகிற மருந்து வாங்கிவந்து கக்கூஸ் கூரை மரத்தில் செருகி வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மருந்து அடிக்கட்டுமா என்று உன்னிடம் கேட்டார். நீயும் வேலைக்குப் போகிற அவசரத்தில், "அடிச்சிருங்கப்பா, எதுக்கு முழங்கால் வலியோட கஷ்டப்படுறீங்க" என்றாய். உன்மேல் பிழை இல்லை மகள், அவர் காலை நினைத்துத்தான் சொன்னாய். ஆனால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் கடையிலும் "பெரிய மகளே அடிக்கச் சொல்லிட்டா" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

நம் சுவருக்குக் கீழே பஸ்லினா வல்லாரைப் பாத்தியும் பொன்னாங்கண்ணிப் பாத்தியும் போட்டிருக்கிறாள். விடியற்காலையில் கட்டுக் கட்டாகக் கெலிஓயாக் கடைகளுக்குக் கொண்டுபோவாள், புருஷன் மௌத்தானதிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கீரையால்தான். நம் பின்பக்கத்து வடிகால் காணில் ஓடுகிற தண்ணீர் நேராக அவள் பாத்தியில்தான் விழுகிறது. மருந்துப் பேச்சுக் காதில் விழுந்து ஒரு நாள் பின்னேரம் வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குசினி வாசலில் நின்றபடியே, "மூக்கையாண்ணே, மருந்து அடிக்கியண்டா ஒரு நாளைக்கு முந்தி சொல்லுங்க, நான் கீரைய எல்லாம் புடுங்கிக்கொள்றேன். பொறகு கொஞ்ச காலம் விக்க மாட்டேன், திண்ட சனத்துக்கு என்னமும் ஆனா நான்தானே பதில் சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அப்பாவும் பதிலுக்குக் கத்திவிட்டு அன்றைக்கே அடித்திருப்பார். "பாப்போம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார், ராத்திரிச் சோறு பாதி அப்படியே கிடந்தது.

அப்போதுதான் தர்ஷிகா வாயைத் திறந்தாள். "முள்ளு வேணாம்ப்பா, மருந்தும் வேணாம், ஒவ்வொரு கிழங்கா தோண்டணும்" என்றாள். பேராதனையில் கம்பஸ் பூந்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சின்னக் கரண்டியோடு உட்கார்ந்து கோரையைத் தோண்டுவதை நாலு வருஷம் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனாளாம். அப்பாவுக்கு வந்ததே கோபம். "நான் குத்துன மூனு நாளும் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த, அப்ப வாய் எங்க போச்சு" என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க குத்துறது பாக்க அழகா இருந்துச்சுப்பா" என்றாள். அப்பா வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். இதை எழுத வேண்டாம் அம்மா என்கிறாள், நான்தான் எழுது என்றேன்.

மறுநாள் காலையில் அப்பா பழைய அகப்பைக் கரண்டி ஒன்றோடு முக்காலி போட்டு உட்கார்ந்தார். தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மண்ணை மெல்லத் தளர்த்தி, அந்தக் கறுப்பு நூல் அறாமல் பின்னாலேயே போய்க் கிழங்கை எடுக்க வேண்டும், ஒரு நூலில் ஆறு ஏழுகூட வரும். எடுத்ததைக் குப்பைக் குழியில் போட்டால் அங்கே முளைக்கும், காணில் விட்டால் பஸ்லினா பாத்திக்குப் போகும், அதனால் தகரத்தில் பரப்பி, நொறுங்குகிற மாதிரி ஆகும் வரை வெயிலில் காய வைக்கிறோம். தோண்டின இடத்தில் கடைகளில் கேட்டு வாங்கின மட்டைப் பெட்டிகளை நனைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே கிளிசிரிடியா இலை கொட்டி, இடையில் துளை போட்டு வத்தாளங்கொடி நட்டிருக்கிறோம், பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கிடைக்கும். கோரைக்கு நிழல் ஆகாதாம், கொடி படர்ந்து மூடினால் சோர்ந்துவிடுமாம். கொடி தந்தது பஸ்லினாதான். சீமெந்து வெடிப்பில் முளைப்பதற்குக் கொதி தண்ணீர் ஊற்றுகிறேன். பத்து நாளைக்கு ஒரு தரம் சுற்றிவந்து, தாள் நாலைந்து இலை விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். விடாமல் செய்தால் இரண்டு மழைக்காலத்தில் கிழங்கின் பலம் போய்விடும், ஒரு மாதம் விட்டோமானால் பழையபடிதான் என்கிறாள் தங்கச்சி.

இப்போது பாதி இடம்தான் ஆகியிருக்கிறது. மற்றப் பாதி பச்சைப் பாய் விரித்த மாதிரி நிற்கிறது, ஐப்பசி மழையும் கிட்ட வந்துவிட்டது. முழங்கால் வலிக்கிற நேரமெல்லாம் அப்பாவின் கண் அந்தக் கக்கூஸ் கூரைப் பக்கம் போகிறது. போத்தலை எடுத்து எறிந்துவிடலாம் என்றால் எங்கே எறிவது, மண்ணிலும் ஊற்ற முடியாது, காணிலும் ஊற்ற முடியாது. எடுத்தாலும் இன்னொன்று வாங்கிவருவார். நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் திரும்ப எடுத்ததில்லை, மாமா வீட்டில் இனிப் பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆறு வருஷம் அப்படியே குடிக்காமல் இருந்தவர். ஆனால் இப்போது ஊரெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிவது உன் பேச்சைத்தான், அதை நீ திரும்ப எடுக்கலாம். சனிக்கிழமை இது கைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்க, "நான் யோசிக்காம சொல்லிட்டேன்ப்பா, அடிக்காதீங்க" என்று சொல்லு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. சின்னப் பிள்ளைகள் பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்று கொஞ்சம் முணுமுணுப்பார். பிறகு பெரிய மகள் வேண்டாம் என்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, போத்தலைக் கொடுத்தவரிடமே கொண்டுபோவார்.

இரவு வேலையென்றால் சாப்பிடாமல் போகாதே. அங்கே குளிர் தொடங்குகிறதாம், போன வருஷம் வாங்கிய கம்பளிச் சட்டை இறுகிப்போயிருந்தால் வேறொன்று வாங்கு, எங்களை நினைத்து அதைத் தள்ளிப்போடாதே. அப்பா இப்போதுதான் மண்கையோடு உள்ளே வந்து யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டார், அக்காவுக்கு என்றாள் தங்கச்சி. கொஞ்சம் நின்றுவிட்டு, "வத்தாளங்கொடி மூனாம் வரியில வேர் விட்டிருச்சின்னு எழுது" என்றார். எழுதிவிட்டோம். மருந்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதை நீ சொல்லு.

முருகன் துணையால் நீ எடுத்த வேலையெல்லாம் கைகூடி, போன மாதிரியே நல்ல சுகத்தோடு வீடு வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா அன்னலட்சுமி