மூன்றாம் பீரியடில் வரும் உங்கள் குரல்

பிரியமான என் 'என்னங்க'வுக்கு,

முதல்ல உங்க மேல இருக்குற கோபத்தைச் சொல்லிப்புடுதேன். அழ ஆரம்பிச்சா கோபம் மறந்துபோயிரும். ஊரெல்லாம் மைக்குல பேசின மனுஷன், வீட்டுக்குன்னு ஒரு துண்டுக் குரல் விட்டுட்டுப் போகலியே! பட்டன் போனை விடமாட்டேன்னு ஒரே அடம். மகள் கல்யாண வீடியோவுல கைகூப்பிச் சிரிக்கீங்க, மேல சினிமாப் பாட்டுதான் ஓடுது.

மிச்சம் இருந்தது ஆட்டோவுல ஊரெல்லாம் ஓடுத தென்காசிப் பாத்திரக்கடை விளம்பரம் ஒண்ணுதான். "மதினிமாரே, அக்காமாரே! சாரல் அடிக்குதுன்னு வீட்டுக்குள்ள இருந்தா, மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கது யாரு? வாங்க, தட்டிப் பாருங்க, சத்தம் கேட்டு வாங்குங்க! ஓட்டைப் பாத்திரத்தை உங்க தம்பி தருவானா?" காத்தாடியை நிறுத்திட்டு, தலையோட போர்வையை மூடிக்கிட்டு நீங்க பேசிப் பதிவு பண்ணினது. வேர்த்து ஊத்தி வெளிய வந்தீங்க. நான் சிரிச்சேன்.

நீங்க போன அன்னிக்கி என்ன நடந்துது தெரியுமா? உங்க சாவுச் செய்தியை மைக்குல சொல்ல வந்த ஆட்டோக்கார மாரியப்பன், பதட்டத்துல எதையோ அமுக்கிட்டான். 'மதினிமாரே'ன்னு உங்க குரல் தெருவுக்குள்ள நுழைஞ்சுது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, "ஏட்டி கோமதி, அண்ணாச்சி பேசுதாருல்லா!"ன்னா. நீங்க நடுவீட்டுல கிடக்கீங்க. ஒரு நிமிஷம் நானும் வாசலைத்தான் பார்த்தேன்.

அதுக்கப்புறம் அந்த ஆட்டோவே நீங்கன்னு ஆயிட்டு. மூணாவது பீரியடுல பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு ஓரமாப் போகும். பாடத்தை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுருவேன். பிள்ளைகளும் சத்தம் காட்டாதுக. 'தனியா அங்கன எதுக்கு இருக்கே, சென்னைக்கு வந்துரும்மா'ன்னு மகள் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. எப்படிப் போவேன்? அங்க நீங்க வர மாட்டீங்களே.

இந்த வருஷம் குத்தாலச் சீசன் தொடங்குறப்போ கடைக்கார அண்ணாச்சி, "புதுக் குரல்ல போடலாமான்னு பார்க்கேன் டீச்சர்"னாரு. வகுப்புல நான் சொல்லிக்கொடுக்குற வித்தையெல்லாம் அவர்கிட்ட இறக்கிட்டேன். இந்தக் குரலுக்குத்தான் பொம்பளைங்க கடைக்கு வாராங்கன்னு நியாயம் பேசினேன். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன். கடைசியில கண்ணுல தண்ணி விட்டேன். மனுஷன் விழுந்துட்டாரு. "சரி டீச்சர், அது பாட்டுக்கு ஓடட்டும்"னாரு.

இன்னிக்கி பிளஸ் ஒன்ல இதே பாடம்தான். ஆளை நம்ப வைக்கதுக்குப் பேச்சுல என்னென்ன செய்யுதாங்க? கதையோ கவிதையோ, எழுதினவர் வேற, அதுக்குள்ள இருந்து பேசுதவர் வேற. ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்கன்னு வழக்கம்போலச் சொன்னேன். "புத்தகத்தை மூடுங்க. காதுல கேட்ட பேச்சுல இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னேன். சொல்லி வாயை மூடல, ஆட்டோ வந்துட்டு.

செல்வமீனா எந்திரிச்சா. வெளியூரு, திருவேங்கடம் பக்கத்துப் பிள்ளை, புதுசா ஹாஸ்டல்ல சேர்ந்திருக்கா. "மிஸ், இதையே சொல்லட்டுமா?"

பக்கத்துல இருந்தவ அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்தா. "ஏட்டி, சும்மா உக்காரு."

"சொல்லட்டும்"னேன். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. உங்க பேச்சு என் வகுப்புல பாடமாகுதுல்லா?

"மதினிமாரேன்னு முதல்லயே உறவு கொண்டாடிருதாங்க மிஸ். பொறவு பதில் எதிர்பாக்காத கேள்வி. தட்டிப் பாருங்கன்னு நம்ம கையிலயே விட்டுருதாங்க, அதனால நம்பிக்கை வந்துருது."

"சபாஷ்! பேசுதவர் யாரு, எப்படிப்பட்டவர், அதைச் சொல்லு."

"எழுதுனவர் வேற, பேசுதவர் வேற மிஸ். எழுதுனவருக்கு நல்ல வயசு இருக்கும், இப்ப யாரு மதினிமாரேன்னு கூப்பிடுதா? பேசுதவருக்கு எங்க அண்ணன் வயசுதான். எழுதி வச்சதைப் பார்த்து வாசிக்காரு. மதினிமாரேன்னு சொல்லையில கூச்சப்படுதாரு."

"உனக்குக் காது கேக்குதா இல்லையாட்டி?"ன்னு கத்திட்டேன். மத்த பிள்ளைக எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுதுக. ஒருத்திகூட அவளைத் தப்புன்னு சொல்லல.

சாயங்காலம் நேரா கடைக்குப் போனேன். அண்ணாச்சி கல்லாவை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். குத்தாலத்துல மெயினருவிப் பக்கம் வண்டி நின்னப்ப சாரல்ல நனைஞ்சு அவர் பேசின பதிவு எல்லாம் போச்சு. ஆனி மாசமே போச்சு. வேற காப்பியும் இல்ல. வார்த்தைதான் எல்லாருக்கும் மனப்பாடமாச்சே, எங்க அக்கா மகனைப் பேச வச்சோம். உங்ககிட்ட சொல்லத்தான் புறப்பட்டேன். நீங்க ஜன்னல்ல கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கீங்கன்னு மாரியப்பன் வந்து சொன்னான். பொறவு எனக்கு வாய் வரல."

ஆனி போய், ஆடியும் முடியப்போகுது. அத்தனை நாளும் நான் யாரைக் கேட்டேன்? பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கு. மாரியப்பனுக்கும் தெரிஞ்சிருக்கு. நான் அழுவேன்னு ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு.

குத்துவிளக்கு துடைச்சுக்கிட்டு இருந்த அந்த அக்கா மகன், சின்னப் பையன், பக்கத்துல வந்தான். "தண்ணி குடிக்கீங்களா டீச்சர்?"னான். ஆட்டோவுல வார அந்தக் குரலேதான். கொஞ்சம் மெலிசு. கொஞ்சம் மூக்குல பேசுதான். நீங்க மூக்குல பேசுவீங்களா என்ன? இல்லைன்னு அடிச்சுச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். எனக்கு நிச்சயமாத் தெரியலங்க.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். சாயங்காலம் காப்பி வேணும்னா, "டீச்சரம்மா, வகுப்பு முடிஞ்சுதா?"ன்னு கேலியாக் கேப்பீங்கல்லா? அதையாவது ஒருதடவை நினைச்சுப் பார்ப்போம்னு கண்ணை மூடினேன். வார்த்தை சரியா வந்துது. கேட்டது அந்தப் பையன் குரலுல.

திரும்பத் திரும்ப நினைக்கேன். அவன்தான் கேக்கான்.

ஒரு சத்தியம் பண்ணுதேன். நாளைக்கி வகுப்புல எல்லாரும் பார்க்க, செல்வமீனா சொன்னதுதான் சரின்னு சொல்லுவேன். இனிமே ஆட்டோ வந்தா ஜன்னலுக்குப் போக மாட்டேன். உங்க குரல் வரலேன்னா வராமலே போகட்டும். இன்னொருத்தன் குரலை உங்க வாயில வச்சுக் கேக்க மாட்டேன். காப்பி நேரம் சத்தமில்லாமலே இருக்கட்டும்.

உங்க குரலைத் தொலைச்சிட்டு, உங்க வார்த்தையை மட்டும் வச்சிருக்குற
உங்க வீட்டுக்காரி,
கோமதி