ஒரே உடம்பு, இரண்டு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியில் என் முழங்காலும் உங்கப்பாவின் வாயும் வரும், முழங்காலுக்காவது தைலம் இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடு என்பார், போட்டால் நான் பேச வேண்டியதையும் அவரே பேசிவிடுவார். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் இந்தக் கைவலியோடு எழுதுகிறேன்.

அந்தப் பெரிய லேப்டாப் கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், சம்பளமும் கூட, ஆனாலும் உன் குரலில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. "இங்க நான் வரையறேன்மா, அங்க போனா மத்தவங்க வரைஞ்சு அனுப்பினதைப் பாத்து இன்னும் மெல்லிசா வேணும், இன்னும் லேசா வேணும்னு சொல்ற வேலைம்மா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா போனைப் பிடுங்கி, "போம்மா, யோசிக்காதே, கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அவர் ஏன் அப்படிக் குதித்தார் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ அந்தப் பெரிய கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாய் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்து வருஷக்கணக்காகிறது. உன் கம்பெனி பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லையாம், அது என்ன கம்பெனி என்று கேட்டார்களாம், லேப்டாப் செய்கிற கம்பெனி என்றால் கடையில் அந்தப் பெயரில் ஒன்றுகூட இல்லையே என்றார்களாம். மனுஷனுக்கு வெட்கமாகிவிட்டது. நீங்கள் செய்து கொடுப்பது யார் பெயரில் விற்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவோமே என்று ஆரம்பித்தது. இப்போது நீ உண்மையிலேயே அங்கே சேர்ந்துவிட்டால் அவர் புளுகு முழுக்க ஒரே நாளில் மெய்யாகிவிடும், பார்த்துக்கொள். அப்பாவைக் காப்பாற்ற நீ வேலை மாற வேண்டுமாம்.

உன் சித்தி வேறு, பாப்பா வேலை செய்கிற இடத்திலிருந்து லேப்டாப் ஒன்று சும்மா எடுத்துக்கொண்டு வர முடியாதா என்று கேட்கிறாள், ஏதோ நீ பிஸ்கட் கம்பெனியில் இருப்பது மாதிரி. எனக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நான் காலரில் லேபிள் தைக்கிறவள். காலையில் ஒரு கம்பெனி லேபிள், மத்தியானம் இன்னொரு கம்பெனி லேபிள், சட்டை என்னவோ ஒரே சட்டை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எந்த லேபிள் தைத்தேன் என்பதுகூட நினைவில் இருப்பதில்லை, விரல் மரத்துப்போனது மட்டும்தான் தெரிகிறது. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். ஊசிக்காது இன்னும் தெரியவில்லை, ஆனால் படித்தவள் மாதிரி இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மேல் வீட்டு ரிட்டயர்டு மேனேஜர், உங்கப்பா சொன்னதை நம்பி அந்தப் பெரிய கம்பெனி லேப்டாப்பை வாங்கியிருக்கிறார் அல்லவா, அவர் மருமகன் வேறொரு கம்பெனியுடையதை வாங்கி வந்திருக்கிறார். எது உசத்தி என்று மாமனாருக்கும் மருமகனுக்கும் வாய்த்தகராறு. மேனேஜர் இரண்டையும் இரண்டு கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார், பின்னாலேயே மருமகன். "நீங்களே சொல்லுங்க, பொண்ணு அங்கதானே இருக்கு" என்று உங்கப்பாவைக் கூப்பிட்டார். உங்கப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். மேனேஜர் இரண்டையும் டீ சிந்தியிருந்த மேஜையில் வைத்துவிட்டார், நான் எடுத்துத் துண்டால் துடைத்தேன். எனக்குத்தான் எந்தத் துணி கையில் கிடைத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற வியாதி உண்டே, அதே ஞாபகத்தில் இரண்டையும் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூடியில் இருக்கிற பெயர் கீழே போக அப்படியே வைத்தேன். அதே சாம்பல் நிறம், அதே இடத்தில் ஸ்குரு, அதே ஓட்டை, அதே ரப்பர் கால். மேனேஜர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சட்டென்று ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தி, "பாருங்க, இறகு மாதிரி இருக்கு! பேருன்னா சும்மாவா? அதைத் தூக்கிப் பாருங்க, செங்கல்லு!" என்றார். மருமகன் குனிந்து, அவர் உள்ளங்கைப் பக்கம் இருந்த மூடியில் பெயரைப் பார்த்தார். பிறகு, "மாமா, நீங்க தூக்கிட்டு நிக்கறது என்னுது" என்றார்.

நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன் பாப்பா, பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏனென்றால் மேனேஜர் அசடு வழிந்தது ஒரு நொடிதான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு! அப்ப உங்க பொண்ணு கம்பெனிக்காரங்க மாப்பிள்ளையோட கம்பெனியைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. இதுக்குத்தானா இவ்வளவு விலை?" என்று உங்கப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இல்லை, பார்க்காததே நல்லது. இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், உன் ஆபீசில் வரைந்து, உன் கம்பெனி ஃபேக்டரியிலேயே செய்து, மூடியில் மட்டும் அவரவர் பெயரைப் போட்டுப் போகிறது என்று போன வருஷமே நீ சொன்னாயே, அது அவருக்கும் தெரியும். அந்த மூடியைத் திறக்கிற கீல் இன்னும் மெல்லிசாக வேண்டும் என்று நீ மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு வேலை பார்த்ததும் தெரியும். சிரித்து மழுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன், அதில் அவர் கெட்டிக்காரர். எழுந்து நின்றார். "என் பொண்ணு யாரையும் பாத்துக் காப்பி அடிக்கல சார். ரெண்டும் அவ ஆபீஸ்ல வரைஞ்சு, அவங்களே செஞ்சதுதான். அந்தப் பெரிய கம்பெனியில அவ இல்ல, என்னிக்குமே இல்ல, நான்தான் பெருமைக்குச் சொன்னேன்" என்றார். மேனேஜர், "அப்ப எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். உங்கப்பா சொல்ல வாயெடுத்தார். பெயரில் முதல் பாதி வந்தது, அடுத்த பாதி வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார், வேறு ஏதோ வந்தது. அவர்கள் மேலே போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் நான் கிண்டல் செய்யாமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

ஆகையால் எங்கள் மானத்துக்காக நீ எங்கும் போக வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது, நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். களைப்பாக இருக்கிறது, உட்கார்ந்து அடுத்தவர் வேலையைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று தோன்றினால் தாராளமாகப் போ, களைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வரைகிறதுதான் பிடித்திருக்கிறது என்றால் இரு. எதுவானாலும் உனக்காக இருக்கட்டும். மணிக்கட்டை டாக்டரிடம் காட்டு, அலட்சியம் செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஞாபகமாக ஒன்று. இந்த வாரம் போன் செய்யும்போது அப்பாவிடம் உன் கம்பெனி பெயரை ஒரு முறை நிறுத்தி நிதானமாகச் சொல்லு. சரியாகச் சொல்லிப் பழக வேண்டுமாம், மேல் வீட்டுக்கு மறுபடி போகப் போகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா