தரையோடு போகும் பழவாசம்

செப்டம்பர் 9, செவ்வாய்
மிட்டாய் கவர் அச்சடிக்கும் எங்கள் கம்பெனியில் இன்று என்னை மை கலக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பேரலைத் திறந்ததும் பழவாசம்! பேரிக்காய் என்றேன். "போடி, கனிஞ்ச கொய்யால்ல இது" என்றார் மாரித்தாய் அக்கா. பத்து வருடம் பட்டாசு ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். பேரலில் எத்தில் அசிடேட் என்று போட்டிருக்கிறது. பிளஸ் டூவில் படித்த பெயர்!

செப்டம்பர் 12
விரலில் ஒரு சொட்டு விட்டேன். சில்லென்றது, பத்து எண்ணுவதற்குள் காணோம். நகப்பூச்சும் கூடவே போய்விட்டது. மை சட்டென்று காய்வது இதனால்தான். தெர்மோகோல் துண்டைப் போட்டால் சுருங்கிக் கூழாகிறது. சரி, காய்ந்தது எங்கே போகிறது?

செப்டம்பர் 18
பேரலோடு வந்த தாளை அகராதி வைத்துப் படித்தேன். இதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனோ கூரையை ஒட்டி இருக்கிறது!

செப்டம்பர் 24
முதலாளி சபரிநாதன் அண்ணாச்சியிடம் சொன்னேன். "நம்மகிட்ட என்ன வெடிமருந்தா இருக்கு?" என்று சிரித்தார். மருந்து இல்லாத கம்பெனி என்றுதான் அம்மாவும் என்னை இங்கே விட்டாள்.

செப்டம்பர் 30
நாளை ஆயுத பூஜை. அறைக்குப் புதிதாக வந்தவர் தரையில் தட்டு வைத்துச் சூடம் ஏற்றுவது இங்கே வழக்கம். இந்த முறை நான். தீபாவளி சீசன் லோடுக்காக இந்த வருடம் பேரல்கள் எல்லாம் அறைக்குள்ளேதான். மாட்டேன் என்றால் வேலை போகும். ஏற்றினால்?

அக்டோபர் 1
ஏற்றவில்லை. "வாசல்ல ஏத்துறேன் அண்ணாச்சி, இங்கன மாட்டேன்." எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.
"சாமி காரியத்துல படிப்பக் காட்டுறியா? வீட்டுக்குப் போ" என்றவர் தீப்பெட்டியை மாரித்தாய் அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "மருந்துக்குள்ளயே கெடந்தவ நான். அவ பயப்படுற எடத்துல நானும் நிக்கல" என்று வெளியே நடந்தார். பின்னாலேயே மற்ற பெண்களும்.
வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கேன். அழுகையா வருது. ரொம்பப் பேசிட்டேனோ?

அக்டோபர் 3
யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 6, திங்கள்
காலையில் அண்ணாச்சியே போன் செய்தார். "கொத்தனார் வந்திருக்காக. ஃபேன எங்கன வைக்கணும்னு வந்து காட்டு. அப்படியே வேலையப் பாரு."
பெண்கள் எல்லோரும் வெளியே போனதும் அண்ணாச்சியும் அன்று சூடம் ஏற்றவில்லையாம். பேரல்களை வெளியே எடுத்து, அறையைக் காலியாக வைத்திருந்தார்கள். குனிந்து, முழங்காலுக்குக் கீழே சுவரில் கோடு போட்டேன்.
"இம்புட்டுக் கீழயா?" என்றார் கொத்தனார்.
"இன்னும் கீழ வைய்யி."
சொன்னது நான் இல்லை, அண்ணாச்சி.