முகத்துக்கு விட்ட இடம்

திருப்பதி

அன்புள்ள நைனாவுக்கு,

தரணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் நான் வேலை செய்யும் இந்த வீட்டு நீரஜா அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓவியர் மோராக் என்னை வரைகிறார் என்று சொன்னேனே, அது என் படம் இல்லையாம். "ஒக்காரு தரணி, ஒன்னத்தான் வரையப் போறாங்க" என்று நீரஜா அம்மாதான் தன் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டார். எட்டு நாள் அசையாமல் உட்கார்ந்தேன். புடவை மடிப்பு, என் கை, கையில் கஞ்சி கொட்டிய தழும்புகூட அப்படியே வந்தது. முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். தயங்கிக் கேட்டேன். அது கடைசியில் என்று மோராக் சிரித்தார்.

கடைசி நாள் தலைக்குக் குளித்து, பொட்டு வைத்துப் போனேன். நாற்காலியில் நீரஜா அம்மா இருந்தார். "மூஞ்சிக்கு நான் ஒக்காந்துக்கிறேன்டி. நீ போய் காபி போட்டுக்கினு வா" என்றார். மோராக் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் காபியோடு வந்தபோது படத்தில் இருந்த தழும்பின் மேல் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை நைனா. நம் ஊர் சத்தியவேட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்களே, அதுதான். படம் பார்க்க யாரையும் கூட்டிவர வேண்டாம்.

என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். எட்டாம் வகுப்பில் எடுத்த என் பாஸ்போர்ட் போட்டோ பெட்டியில் இருக்கும், அதையும். கூப்பிடுகிறார்கள், போகிறேன். போட்டோவை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
தரணி